பின்தொடை வலி: ஓய்வா, ஆசனமா, எடையா, ஊசியா?

எனக்கு இந்த வலி முதலில் தெரிந்தது ஓடும்போது இல்லை, பைக்கில். அடையாறிலிருந்து கிளம்பி சோழிங்கநல்லூர் சிக்னலைத் தொடுவதற்குள் வலது பிட்டத்தின் அடியில், சரியாக உட்காரும் எலும்பின் மேல், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். சிக்னலில் இடது காலை ஊன்றி வலது பக்கத்தை சீட்டிலிருந்து தூக்கிக்கொள்வேன். அலுவலகத்தில் இறங்கி நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும். காலையில் ஓடினால் முதல் ஒரு கிலோமீட்டர் பிடிக்கும், பிறகு விட்டுவிடும். அதுதான் விட்டுவிடுகிறதே என்று வாரம் 35 கிலோமீட்டரைக் குறைக்காமல் ஓடினேன். ஜனவரியில் சென்னை மாரத்தானில் அரை மாரத்தான் தூரத்தை முடித்த அன்று மதியம், தரையில் சம்மணமிட்டு சாப்பிட உட்கார முடியவில்லை.

அதற்குப் பிறகு பதினாலு மாதம் போனது. ஓய்வு, யோகாசனம், எண்ணெய் மசாஜ், மாத்திரை, பிசியோதெரபி, எடைப் பயிற்சி, ஷாக்வேவ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஊசிக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் போகவில்லை, ஆனால் இரண்டைப் பற்றியும் மருத்துவர்களிடம் உட்கார்ந்து கேட்டேன். இதே வலியோடு இருப்பவர் முதலில் எதற்கு நேரமும் பணமும் கொடுக்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதல் மூன்று மாதத்தை மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகும் எடைப் பயிற்சிக்குக் கொடுங்கள். மற்ற எல்லாம் அதற்குத் துணையாகவோ, அதற்குப் பிறகோதான். அன்போடு எல்லாரும் சொல்கிற இரண்டு யோசனைகள், "முழு ஓய்வு எடு", "நன்றாக நீட்டிவிடு" என்பவை, இந்த வலிக்குப் பொருந்தவில்லை. என் பதினாலு மாதத்தில் எட்டு மாதம் அந்த இரண்டில்தான் போனது.

முதலில், எந்த வலி?

பின்தொடையில் இருப்பது ஒரு தசை இல்லை, மூன்று. மூன்றும் மேலே பிட்டத்துக்கு அடியில் இருக்கும் உட்காரும் எலும்பில் தசைநாண்களாக, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற நார்களாக, சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. கீழே முழங்காலைத் தாண்டி இறங்குகின்றன. ஓடும்போது காலை முன்னே வீசி, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், இந்தத் தசைகள் நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கின்றன. அதிகச் சுமை விழுவது அந்தக் கணத்தில்தான்.

வேகமாக ஓடும்போது தொடையின் நடுவில் சுரீர் என்று பிடித்து அங்கேயே நின்றுவிட்டால் அது தசைக் கிழிசல். அது வேறு கதை, பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். நான் பேசுவது மெதுவாக வந்து மாதக்கணக்கில் போகாத வலியைப் பற்றி. விரலை வைத்துக் காட்டச் சொன்னால் எலும்பின் மேலேயே காட்டுவோம். கடினமான நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்தால், பைக் ஓட்டினால், மேடேறினால், வேகம் கூட்டினால், குனிந்து தரையில் கிடப்பதை எடுத்தால் வலிக்கும். சமதரையில் மெதுவாக நடந்தால் ஒன்றும் தெரியாது. இது தசைநாண் எலும்பைத் தொடும் இடத்தில் வரும் கோளாறு. 1988-லேயே பின்லாந்தைச் சேர்ந்த இரண்டு மருத்துவர்கள் விளையாட்டு வீரர்களிடம் உட்காரும் எலும்பருகே வரும் இந்த வலியைத் தனியாக எடுத்து எழுதியிருக்கிறார்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியது சயாட்டிகா, அதாவது முதுகில் நரம்பு அழுந்துவதால் காலில் இறங்கும் வலி. சயாட்டிக் நரம்பு அந்த எலும்பை ஒட்டித்தான் இறங்குகிறது. இடுப்பிலிருந்து கிளம்பி முழங்காலுக்குக் கீழே, பாதம் வரை வலியோ மரப்போ போனால், இருமும்போதும் தும்மும்போதும் கூடினால், முதுகைப் பார்க்க வேண்டும். நான் முதலில் போன இடத்தில் என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "டிஸ்க்காக இருக்கும்" என்று சொல்லி முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தார்கள். ஏழாயிரம் ரூபாய் செலவு. அதில் என் வயதுக்கு எல்லாருக்கும் இருக்கும் தேய்மானம் தெரிந்தது, வேறொன்றும் இல்லை. தசைநாணை ஸ்கேன் எடுத்தாலும் இதே சங்கடம் உண்டு. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அந்த இடத்தில் மாற்றம் தெரிவது சாதாரணம். ஆகவே படத்தைவிட, கை வைத்துப் பார்க்கிறவரும் காலை அசைக்கச் சொல்லிப் பார்க்கிறவரும் முக்கியம்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் எந்த ஒப்பீடும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். டப் என்ற சத்தத்தோடு திடீர் வலி வந்து, ஓரிரு நாளில் பின்தொடை கன்றிப்போய், நடக்கவே முடியாவிட்டால் தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். தைக்க வேண்டியிருந்தால் அதை முதல் சில வாரங்களுக்குள் செய்வது நல்லது, தள்ளிப்போட்டால் வேலை கடினமாகும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அப்படி நடந்தால் தசைநாணோடு எலும்புத் துணுக்கே பெயர்ந்திருக்கலாம். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்தாலோ அது அவசர சிகிச்சைக்கான விஷயம்.

முழு ஓய்வு

நான் இரண்டு மாதம் ஓடவே இல்லை. வலி குறைந்தது உண்மை. சுமையே இல்லாத இடத்தில் வலிக்க என்ன இருக்கிறது? மூன்றாவது மாதம் மெதுவாக ஐந்து கிலோமீட்டர் ஓடினேன், மறுநாள் காலை அதே கட்டைவிரல் அதே இடத்தில் இருந்தது. தசைநாண் வேலை இல்லாமல் இருந்தால் தாங்கும் திறனை இழக்கிறது, தசையும் மெலிகிறது. ஓய்வுக்குப் பிறகு நாம் திரும்பப் போவது பழைய ஓட்டத்துக்கு, ஆனால் கொண்டுபோவது முன்னைவிட பலவீனமான காலை. வலி மிகக் கடுமையாக இருக்கும் ஒன்றிரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்துவதில் தவறில்லை. அதற்கு மேல் ஓய்வை ஒரு சிகிச்சையாக நினைத்துக் காத்திருக்க வேண்டாம்.

நீட்டுவதும் ஆசனமும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பின்தொடை பிடித்தால் முதலில் வரும் யோசனை இதுதான். எங்கள் ஓட்டக் குழுவில் மூத்தவர் ஒருவர், எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவர், பச்சிமோத்தானாசனம் தினமும் செய்யச் சொன்னார். அவருக்கு அது நன்றாக வேலை செய்திருக்கிறது. நானும் காலை, மாலை கால்விரலைத் தொட்டு இரண்டு நிமிடம் பிடித்தேன். பிடிக்கும்போது இழுத்துவிட்ட சுகம் இருக்கும். இரவு படுக்கையில் வலி எழுப்பும். ஆறு மாதம் அப்படியே போனது.

காரணத்தை எனக்கு விளக்கியவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். என்னைக் குப்புறப் படுக்க வைத்து உட்காரும் எலும்பின் விளிம்பில் கட்டைவிரலை வைத்தார். "இங்கதானே சார்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் கால் தானாக உதறியது. "குனிஞ்சு கால்விரலைத் தொடுற எதையும் இப்போதைக்குச் செய்யாதீங்க."

"அதைத்தாம்மா ஆறு மாசமா தினமும் செய்றேன்."

"அதனாலதான் சார் ஆறு மாசமா வலிக்குது."

கிணற்றடியில் கயிறு தேய்வதைப் பார்த்திருப்பீர்கள். கயிறு தொங்கும் நீளம் முழுக்க நன்றாகவே இருக்கும். விளிம்புக் கல்லில் மடங்கும் இடத்தில் மட்டும் நைந்துபோகும். இடுப்பை நன்றாக மடக்கிக் குனியும்போது தசைநாண் உட்காரும் எலும்பின் மேல் அதேபோல வளைந்து அழுந்துகிறது. இழுவிசையும் அழுத்தமும் ஒரே இடத்தில் சேர்கின்றன. உறுத்தலில் இருக்கும் தசைநாணுக்கு இரண்டும் சேர்ந்து வருவதுதான் ஆகாது. பாதஹஸ்தாசனம், சூரிய நமஸ்காரத்தில் குனியும் நிலை, ஓட்டத்துக்கு முன்னால் பார்க் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக் குனிவது எல்லாமே இதே கணக்கில் வரும். தசை நடுவில் வெறும் இறுக்கம் இருப்பவருக்கு நீட்டுவது இதமாக இருக்கலாம். எலும்பின் மேல் வலிப்பவருக்கு இல்லை.

யோகாசனத்தையே விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனமும் குப்புறப் படுத்துக் கால்களைத் தூக்கும் சலபாசனமும் இடுப்பை மடக்காமல் அதே பின்தொடைக்கு வேலை கொடுக்கின்றன. எனக்குப் பிசியோ கொடுத்த முதல் பயிற்சியே சேதுபந்தத்தின் ஒரு வகைதான். ஆசனம் செய்கிறவர்கள் குனியும் வரிசையை எடுத்துவிட்டு இந்த வரிசையை வைத்துக்கொள்ளலாம்.

நாள் முழுக்க உட்காரும் விதமும் இதில் சேர்ந்ததுதான். சம்மணம், குந்தி உட்காரும் கழிப்பறை, குனிந்து வீடு பெருக்குவது, மணைப்பலகையில் உட்கார்ந்து காய் நறுக்குவது எல்லாம் இடுப்பை ஆழமாக மடக்குகின்றன. கொஞ்ச காலத்துக்கு மேற்கத்திய கழிப்பறை, உயரமான நாற்காலி, அரைமணிக்கு ஒரு முறை எழுந்து நிற்பது என்று மாற்றிக்கொண்டேன். நாற்காலியில் ஒரு துண்டைச் சுருட்டித் தொடைக்கு அடியில், எலும்புக்குச் சற்று முன்னால் வைத்தால் பாரம் தொடைக்குப் போய்விடும். கால் காசு செலவில்லாத இந்த மாற்றம் ஒரே வாரத்தில் பாதி எரிச்சலைக் குறைத்தது.

எண்ணெய், உருளை, மாத்திரை

மசாஜும், தரையில் வைத்து மேலே தொடையை உருட்டும் ஃபோம் ரோலர் உருளையும் சில மணி நேரத்துக்குத் தளர்வு தரும். தசையின் நடுப்பகுதியில் தேய்க்கலாம், எலும்பின் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டாம். எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர் நல்ல கைக்காரர், ஆனால் முடிச்சு எடுக்கிறேன் என்று வலிக்கும் புள்ளியிலேயே முழங்கையை வைத்தார். மூன்று நாள் உட்கார முடியவில்லை. வலி மாத்திரை ஒரு பயணத்தைக் கடக்க உதவும். அதைப் போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடாது, வலி சொல்ல வரும் அளவு நமக்குக் கேட்காமல் போய்விடும்.

மாத்திரை என்றதும் இன்னொன்று. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. தசைநாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு என்று 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றின் மேல் கட்டம் கட்டிய எச்சரிக்கையே போடவைத்தது. நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் இவை சர்வசாதாரணமாக எழுதப்படுகின்றன. தசைநாண் வலி இருப்பதை மருத்துவரிடம் சொன்னால் முடிந்தவரை வேறு மருந்து தருவார். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கும் தசைநாண் கோளாறு எளிதில் வருகிறது. அவர்கள் ஆறுவதற்கு இன்னும் கொஞ்சம் அதிக காலம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

எடைப் பயிற்சி

வலிக்கிற இடத்துக்கே எடை கொடுப்பதா என்று எனக்கும் நம்பிக்கை வரவில்லை. இந்தச் சிந்தனை குதிகால் தசைநாணிலிருந்து வந்தது. 1998-ல் ஸ்வீடனில் ஆல்ஃபிரட்சன் என்ற மருத்துவர், வலி தீராத, பொழுதுபோக்காக விளையாட்டில் ஈடுபடும் 15 பேரைப் படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கச் சொன்னார், தினம் இரண்டு வேளை, 12 வாரம். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். அதன்பிறகு முழங்கால், தோள், பின்தொடை என்று ஒவ்வொரு தசைநாணுக்கும் அதற்கேற்ற வடிவில் எடைப் பயிற்சி வந்தது. பின்தொடைக்கான படிநிலைகளை 2016-ல் கூம், மல்லியாராஸ் என்ற பிசியோதெரபிஸ்டுகளும் மற்ற இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒழுங்காக வகுத்துக் கொடுத்தது. என் பிசியோ பின்பற்றியதும் அதைத்தான்.

முதல் படியில் அசைவே இல்லை. மல்லாந்து படுத்து, குதிகால்களைச் சற்றுத் தள்ளி வைத்து, இடுப்பைத் தூக்கி, 30 முதல் 45 விநாடி அப்படியே நிற்பது. ஐந்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. பின்தொடை நடுங்கும், ஆனால் எலும்பின் மேல் வலி அவ்வளவாக இருக்காது. முடித்ததும் ஒரு மணி நேரத்துக்கு உட்காருவதே இலகுவாக இருந்தது எனக்கு ஆச்சரியம்.

இரண்டாவது படியில் அசைவு வருகிறது, ஆனால் இடுப்பு ஆழமாக மடங்காது. ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்குவது, குப்புறப் படுத்து முழங்காலை எடையோடு மடக்குவது. மூன்று விநாடி ஏற்றம், மூன்று விநாடி இறக்கம், 15 முறையில் ஆரம்பித்து எடை கூடக்கூட 8 முறைக்கு வருவது, மூன்று அல்லது நான்கு சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். கனமான பயிற்சிக்குப் பிறகு முதல் ஒன்றரை நாள் வரை தசைநாணில் நார் உருவாவதைவிடச் சிதைவது அதிகம், அதன்பிறகுதான் கட்டுமானம் முந்துகிறது. தினமும் செய்தால் சிதைவின் மேல் சிதைவு விழும்.

மூன்றாவது படியில்தான் இடுப்பை மடக்கும் எடைகள்: முழங்காலை லேசாக வளைத்து முதுகை நேராக வைத்துக் குனிந்து எழும் டெட்லிஃப்ட், உயரமான படியில் ஏறி இறங்குவது, நீண்ட அடி வைத்து முன்னே இறங்கும் லஞ்ச். முன்பு விலக்கி வைத்த குனிதல் இங்கே திரும்ப வருகிறது, இப்போது தாங்கும் வலுவோடு. வீட்டில் ஐந்து கிலோ அரிசியைப் பழைய கல்லூரிப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பிறகு பத்து கிலோ. மூன்றாவது மாதம் தெருமுனை ஜிம்மில் சேர்ந்தேன், ஏனென்றால் அரிசிப் பை பத்தாது. நிறைந்த சமையல் சிலிண்டர் ஒன்று சுமார் 30 கிலோ இருக்கும். அந்த எடையை முழுக் கட்டுப்பாட்டோடு பத்து முறை தூக்கி இறக்க முடிந்த வாரத்தில்தான் எனக்குப் பைக் பயணம் வலியில்லாமல் ஆனது. பலர் இரண்டாவது படியின் லேசான எடையிலேயே நின்றுவிட்டு "பிசியோ செய்து பார்த்தேன், சரியாகவில்லை" என்கிறார்கள். ஓட்டத்தில் அந்தத் தசைநாண் தாங்கும் விசையோடு பார்த்தால் ரப்பர் பட்டை இழுப்பது ஒன்றுமே இல்லை.

நான்காவது படி துள்ளலும் வேகமும். ஸ்கிப்பிங், முழங்காலை உயர்த்தித் துள்ளுவது, மேடு ஓடுவது, கடைசியாக வேக ஓட்டம். மூன்று நாளுக்கு ஒரு முறை போதும். மெதுவான ஓட்டமே போதும் என்கிறவர்கள் இந்தப் படியைச் சுருக்கிக்கொள்ளலாம்.

எவ்வளவு வலித்தால் நிறுத்துவது? பத்துக்கு மூன்று வரை வலி இருந்தால் தொடரலாம், ஆனால் 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். தினமும் காலையில் பல் தேய்க்கும் முன் ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்கி ஒரு மதிப்பெண் போட்டு வைப்பேன். நேற்றைவிடக் கூடியிருந்தால் அன்றைய எடையை ஒரு படி இறக்குவேன். அந்த நோட்டுப் புத்தகத்தில் முதல் ஐந்து வாரம் ஒன்றுமே நகரவில்லை: 4, 4, 3, 5, 4. ஆறாவது வாரத்தில் 3-க்கு இறங்கி அங்கே நின்றது. இந்த வழியின் குறை அதுதான். மெதுவானது, சலிப்பானது. மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். செலவு மட்டும் குறைவு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை பிசியோவைப் பார்த்தேன், ஒரு தடவைக்கு 600 ரூபாய், மொத்தம் எட்டு தடவை.

ஓட்டத்தை விடாமல் மாற்றிக்கொள்வது

எடைப் பயிற்சியோடு ஓட்டத்தைத் தொடர முடியும். தூரத்தைவிட வேகமும் மேடும்தான் இந்தத் தசைநாணைக் கடிக்கின்றன. சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான், ஆகவே என் வழியிலிருந்து அடையாறு மேம்பாலத்தை எடுத்துவிட்டேன். மெரினாவில் காந்தி சிலையிலிருந்து நேப்பியர் பாலம் வரை சமமாகப் போய் வரலாம். மணலில் இறங்க வேண்டாம், ஒவ்வோர் அடியும் பின்னுக்கு வழுக்குவதால் பின்தொடை இரட்டை வேலை செய்யும்.

அடியைச் சற்றுக் குறுக்குவதும் உதவியது. நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்து அதைவிட ஐந்து சதவீதம் கூட்டினேன், எனக்கு 160-லிருந்து 168. அடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் இடுப்பிலும் முழங்காலிலும் விழும் சுமை குறைகிறது என்பதை 2011-ல் அமெரிக்காவில் ஹைடர்ஷைட் குழுவினர் அளந்து காட்டினார்கள். இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து ஓடும் பழக்கம் இருந்தால் அதையும் நிமிர்த்த வேண்டும்.

ஷாக்வேவ்

வலிக்கும் இடத்தில் ஒலி அலைகளை அடித்தடித்துச் செலுத்தும் கருவி. வாரம் ஒன்று என்று நாலைந்து முறை. 2011-ல் இத்தாலியில் 40 தொழில்முறை வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று மாத முடிவில் ஷாக்வேவ் பெற்ற 20 பேரில் 17 பேருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது. வலி மாத்திரை, பிசியோதெரபி, பொதுவான பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சை பெற்ற 20 பேரில் இரண்டு பேருக்குத்தான் அந்த அளவு குறைந்தது. எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் நாற்பதே பேர், எல்லாரும் முழுநேர வீரர்கள், எதிர்த் தரப்பில் இருந்தது நான் மேலே சொன்ன கனமான படிநிலைப் பயிற்சியும் இல்லை. நான் நான்கு முறை எடுத்தேன், ஒரு தடவைக்கு 1,500 ரூபாய். ஓரளவு வலி தணிந்து எடை கூட்டுவதற்கு இடம் கொடுத்தது என்று சொல்லலாம். தனியாக அதை மட்டும் செய்துவிட்டு ஓடப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஊசிகள்

ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துக்கு வலியை அழுத்தி வைக்கும். சிலருக்கு மாதக்கணக்கில்கூட. பிரச்சினை அதற்குப் பிறகுதான். தசைநாண் பலவீனமாகும் அபாயம் இருக்கிறது, திரும்பத் திரும்பப் போட்டால் இன்னும் கூடும். வலி மறைந்ததும் நாம் உடனே ஓடக் கிளம்புவோம் என்பது அதைவிட ஆபத்து. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை அளவு எகிறும். உட்காரவே முடியாமல், தூக்கமில்லாமல், பயிற்சியைத் தொடங்கவே வழியில்லாதவருக்கு ஒரு முறை போடலாம், அதுவும் ஸ்கேன் பார்த்துக்கொண்டே. பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது என்பதற்காகப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பி.ஆர்.பி. என்பது நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து வலிக்கும் இடத்தில் செலுத்துவது. எனக்குச் சொன்ன விலை 12,000 ரூபாய். 2014-ல் நெதர்லாந்தில் திடீர்ப் பின்தொடைத் தசைக் கிழிசல் கொண்ட 80 பேரிடம் சோதித்தார்கள். வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட பி.ஆர்.பி. போட்டவர்கள் சீக்கிரம் களத்துக்குத் திரும்பவில்லை. நாள்பட்ட தசைநாண் வலிக்கு முடிவுகள் கலவையாக இருக்கின்றன. அந்தப் பணத்துக்கு ஓராண்டு ஜிம் சந்தா கட்டலாம், நான் அதைத்தான் செய்தேன்.

அறுவைச் சிகிச்சை

மற்ற எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்தும் நகராதவர்களுக்கானது. தடித்துப்போன தசைநாணை வெட்டி விடுவித்து, நரம்பைச் சுற்றி ஒட்டியிருப்பதைப் பிரித்துவிடுகிறார்கள். 2009-ல் பின்லாந்து மருத்துவர்கள் 90 விளையாட்டு வீரர்களுக்குச் செய்த 103 அறுவைகளைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலானோர் சராசரியாக ஐந்து மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அறுவை செய்யாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டதில்லை அது, அறுவைக்குப் பிறகும் மாதக்கணக்கில் அதே எடைப் பயிற்சி உண்டு. வாரம் 30 கிலோமீட்டர் ஆசைக்கு ஓடுகிற நமக்கு இது கடைசிக் கதவு.

நான் யாருக்கு எதைச் சொல்வேன்

வலி வந்து ஆறு வாரத்துக்குள் என்றால் வேகத்தையும் மேம்பாலத்தையும் குனியும் ஆசனங்களையும் நிறுத்திவிட்டு முதல் படியைத் தொடங்குங்கள், பலருக்கு அதுவே போதும். ஆறு மாதம் தாண்டியவர் கை வைத்துப் பார்க்கும் ஒரு பிசியோவைப் பிடித்து 12 வாரம் எடையைக் கூட்டிக்கொண்டே போகட்டும். 12 வாரத்தில் காலை மதிப்பெண் அசையவில்லை என்றால் பயிற்சியை விடாமல் ஷாக்வேவைச் சேர்க்கலாம். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவர் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நாற்காலியைச் சரிசெய்யட்டும். பந்தயத் தேதியை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், அப்படித் தேர்ந்தெடுத்தால் கை ஊசிப் பக்கம்தான் போகும்.

நான் வரும் ஜனவரிக்கு அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கவில்லை, பத்து கிலோமீட்டருக்குத்தான் கொடுத்திருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் ஜிம், மற்ற மூன்று நாள் ஓட்டம். காலை மதிப்பெண் இப்போது ஒன்று, சில நாள் பூஜ்ஜியம். அடையாறு மேம்பாலத்தில் போன ஞாயிறு மெதுவாக ஏறிப் பார்த்தேன். மறுநாள் காலையில் இரண்டு. அடுத்து ஏறுவதற்கு இன்னும் இரண்டு வாரம் விட்டிருக்கிறேன்.